36ஆம் சுழற்சி: ஆடுகள மந்தகதி பற்றிய முதற்கட்ட ஆய்வு

மின்னணு நடன இசையில் தாளம் மெதுவாகும்போது மக்கள் ஏன் சொக்கிப்போகிறார்கள் என்பது இதுகாறும் முறைப்படி ஆராயப்படவில்லை. ஆடப் போனவர்கள் ஆடிவிட்டு வீடு திரும்பினார்களே தவிர, உட்கார்ந்து அடிக்குறிப்பு எழுத ஒருவரும் முன்வரவில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டுரையாளருக்கு ஆடத் தெரியாது என்பது இவ்வாய்வின் நடுநிலைக்குத் தக்க சான்று.

முதலில் எல்லை வகுப்போம். ஹவுஸ் இசை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி வரை ஓடும். அதற்குக் கீழ்ப்பட்டதெல்லாம் மந்தகதி என்க. 119 அடியில் ஓடும் ஹவுஸ் பாட்டும் உண்டே எனின், அது இடைச்செருகல்.

எல்லையின் மறுகோடியில் நிற்கும், ரோட்டர்டாமில் வளர்ந்த கப்பர் என்னும் அதிவேக வகை, ஆய்வாளர் அஞ்சியதால் ஆராயப்படவில்லை.

இனி மூலபாடத்துக்கு வருவோம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், 1980களின் பின்பாதியில், ஏன்சியன் பெல்ஜிக் என்றொரு நடனவிடுதி. அங்கே டிக்கே ரோனி என்ற டிஜே, ஏ ஸ்பிளிட் செகண்ட் குழுவின் ‘ஃப்ளெஷ்’ இசைத்தட்டைச் சுழலவிட்டார். தட்டு நிமிடத்துக்கு 45 சுழற்சிக்கானது; அவர் ஓட்டியதோ 33இல். போதாதென்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரை +8 விழுக்காடு வரை தள்ளியும் வைத்தார். நியூ பீட் என்னும் இசைவகை அன்று பிறந்தது என்பது கர்ணபரம்பரைச் செய்தி.

இது தற்செயலா, திட்டமா? கை தவறி 33ஐ அழுத்திவிட்டார் என்பர் ஒரு சாரார். கை தவறியவர் +8ஐயும் கை தவறியே தள்ளினாரோ என்பர் மறுசாரார். இரு சாராரும் ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்காமலே பதவி உயர்வு பெற்றுவிட்டதால் வழக்கு நிலுவையில் உள்ளது.

நாம் கணக்கில் இறங்குவோம். 33⅓ஓடு அதன் 8 விழுக்காட்டைக் கூட்டினால் அச்சாக 36. எனவே நியூ பீட்டை 33இன் இசை என்பது பிழைபாடம். அது 36இன் இசை. 45க்கு 36 என்பது ஐந்தில் நான்கு. 125 அடி அடித்த பாட்டு பிசகாமல் 100க்கு இறங்கும். சுருதியும் கூடவே இறங்கும்: அந்தர காந்தாரத்தில் நின்ற ஸ்வரம் பழைய ஷட்ஜத்தில் வந்து உட்காரும். பாடுபவரின் குரல் தடித்துப் பாதாளத்திலிருந்து வரும். டிரம்மின் அடி காதை விட்டு அடிவயிற்றுக்குக் குடிபெயரும். மெதுவின் மயக்கத்தில் பாதி, வேகம் குறைந்ததால் வருவதன்று. இப்படிக் கனம் ஏறியதால் வருவது. சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைத்துத் தரும் இன்றைய மென்பொருள்கள் இந்த ரசத்தைக் கெடுத்தன.

ஆய்வின் உயிர்நாடி இனிமேல்தான். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 இசைத்தட்டுக் கருவியின் வலப்புறம் ஒரு பிட்ச் ஸ்லைடர் இருக்கிறது. நடுவே பூச்சியத்துக்கு வந்ததும் விரலில் ‘டிக்’ என்று தட்டும். பச்சை விளக்கு எரியும். அங்கிருந்து இருபுறமும் 8 விழுக்காடுதான் எல்லை. 33இன் பக்கமிருந்து எவ்வளவு முட்டினாலும் 36க்கு மேல் ஏற முடியாது. 45இன் பக்கமிருந்து எவ்வளவு இழுத்தாலும் 41.4க்குக் கீழே இறங்க முடியாது. இடையில் 5.4 சுழற்சி அகலத்துக்கு எவர் காலும் படாத ஒரு நிலம் கிடக்கிறது. அதுவே மந்தகதியின் கடல்கொண்ட நாடு!

அந்நாட்டில் 38ஆம் சுழற்சியில் ஒரு பேரினம் ஆடி வாழ்ந்தது. ஆதாரம் வேண்டுவோர் காண்க: இதே ஆசிரியர் எழுதவிருக்கும் நூலின் இரண்டாம் பாகம், அதற்கு இதே ஆசிரியர் வழங்கிய அணிந்துரை, அவ்வணிந்துரையைத் தாக்கி இதே ஆசிரியர் புனைபெயரில் எழுதிய மறுப்பு, அம்மறுப்பைக் கரையான் தின்றதற்கு நூலகர் முத்திரையிட்டுத் தந்த சான்றிதழ், அச்சான்றிதழையும் கரையான் தின்ற பின் எஞ்சிய முத்திரை. மூழ்கிய நிலத்தின் சிறப்பு, அங்கே போய்ப் பார்த்துவரப் பேருந்து கிடையாது. இவ்வசதி அறிந்தே நம் முன்னோடிகள் சிலர் தம் தலையாய முடிவுகளைக் கடலுக்கடியில் பத்திரப்படுத்தினர்.

பின்னாளைய டெக்னிக்ஸ் மாடல் ஒன்று இருபுறமும் 16 விழுக்காடு வரை போகுமே, நிலம் நிரம்பிவிடுமே எனின், கோட்பாட்டுக்கு ஒவ்வாத கருவிகளை ஆய்வாளர் வாங்குவதில்லை.

இத்தாலியின் கார்டா ஏரிப் பக்கம், காஸ்மிக் நடனவிடுதியில், டானியேலே பால்டெல்லி என்ற டிஜே பெல்ஜியருக்கு முன்பே 45ஐ 33இலும் 33ஐ 45இலும் ஓட்டினாரே எனின், அது அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. அடிக்குறிப்புக்கு இடமில்லை.

அடுத்த சான்று: மூம்பாட்டன் என்னும் மந்தகதி இசைவகை 2009இல் வாஷிங்டன் பக்கம் பிறந்தது. பள்ளிக்குக் கட் அடித்த பிள்ளைகள் ரெகேடோன் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். உறவுப் பையனுக்காக வாசிக்கப் போன டிஜே டேவ் நாடாவிடம் இருப்பதோ டச்சு ஹவுஸ். அஃப்ரோஜாக்கின் ரீமிக்ஸ் ஒன்றை 128இலிருந்து 108க்கு இறக்கினார். அடிக்கும் அடிக்கும் இடையே 0.469 நொடி இருந்தது 0.556 ஆயிற்று. லாபம், நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. இதை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர் தம் இடுப்பைக் கவனித்ததில்லை. 128இல் கால்தான் ஓடும். இடுப்புக்கு முறை வருவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். 108இலோ கால் ஊன்றியபின் இடுப்பு தன் பங்கைச் சாவகாசமாகச் செய்து முடிக்கும். ரெகேடோனின் குறுக்கடி நுழையவும் வழி கிடைக்கும்.

லண்டனில் ஆண்ட்ரூ வெதரால், ஷான் ஜான்ஸ்டன் என்ற டிஜேக்கள் 2010இல் தொடங்கிய ‘எ லவ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ இரவுகளில் 122ஐத் தாண்டுவதில்லை என்று விரதமே பூண்டார்கள். நம் எல்லையை 2 அடி மீறுகிறதே எனின், பெரிய மனிதர்களுக்குச் சலுகை உண்டு. தொடக்கத்தில் வெகு மெதுவாக ஓட்டி இம்மி இம்மியாக ஏற்றினால், கடைசியில் 118கூடத் தலைதெறிக்கும் வேகமாகப் படும். பசித்தவனுக்குப் பழையசோறு.

வேகவாதிகள் விடமாட்டார்கள். மோபி 1993இல் வெளியிட்ட ‘தௌஸண்ட்’ பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 அடியைத் தொடுகிறதே என்பர். நொடிக்கு 16க்கு மேல் அடி விழுந்தால் அது தாளமாகக் காதில் விழாது, உறுமலாகிவிடும். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூட்டம் அப்படியே நிற்கும். இதை விரித்துரைக்கப் புகும் வேளையில் அமர்வுத் தலைவர் மணி அடித்துவிட்டார். மந்தகதி பற்றிய கட்டுரையை ஏழு நிமிடத்தில் வாசிக்கச் சொன்னவர் அவரே. இப்போது நன்றியுரை நடக்கிறது. அதற்கு மட்டும் மணி கிடையாது.