கேஸ் மாற்றிய தேதி

ஜனவரி பிறந்தால் எங்கள் அரியலூர் மாவட்டத்தில் டைரிக்குப் பஞ்சம் கிடையாது. பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் பூமிக்கு மேலே சிமெண்ட் ஆலைகள். ஆலை இருந்தால் ஏஜென்சி, ஏஜென்சி இருந்தால் டைரி. இது போதாதென்று கம்பிக் கடை, உரக்கடை, நகைக்கடை, சீட்டுக் கம்பெனி என்று ஆளாளுக்கு அடித்துத் தருகிறார்கள். கனத்த அட்டை போட்ட டைரி யார் வீட்டுக்கு வந்தது, யாரைப் பாக்கெட் டைரியோடு அனுப்பிவிட்டார்கள் என்பதை வைத்தே விக்கிரமங்கலத்தில் ஒருவருடைய செல்வாக்கைக் கணித்துவிடலாம்.

வாங்கிய டைரியில் எழுத வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. பொங்கலுக்குள் முதல் பக்கத்தில் பெயரும் ரத்தப் பிரிவும் ஏறும். மாசி மாதத்துக்குள் பேரன் யானை வரைந்துவிடுவான். எங்களூரில் ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிற இடம் எனக்குத் தெரிந்து காவல் நிலையம் ஒன்றுதான். அங்கேயும் யாரும் மனத்தெளிவுக்காக எழுதவில்லை. எழுதியே தீர வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விதி இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் நான் டைரி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பெங்களூரில் இருக்கும் என் மகள். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு ராத்திரித் தூக்கம் குறைந்துபோயிற்று. மோட்டார் காயில் எரிந்தது, மக்காச்சோளத்துக்கு விலை இறங்கியது, என் மச்சான் வாங்கிப்போன பத்தாயிரம் ரூபாய், எல்லாம் இரண்டு மணிக்கு வரிசையாக வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். மகளிடம் சொன்னேன். "ஜர்னலிங் பண்ணுங்கப்பா, மைண்ட் கிளியர் ஆயிடும்" என்றாள். காலையில் எழுந்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன்னால், மனதில் வருவதையெல்லாம் மூன்று பக்கம் எழுத வேண்டுமாம். ஜூலியா கேமரன் என்ற அமெரிக்க அம்மையார் 1992ஆம் வருடத்துப் புத்தகத்தில் சொன்ன வழி.

அந்த அம்மையார் வீட்டில் காலையில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராது என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் வரும். வருகிற நேரத்தைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். அதே நேரத்தில் சொசைட்டிக்குப் பால் போக வேண்டும். யாரிடமும் பேசாமல் மூன்று பக்கம் எழுதுகிற ஆளை என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் குடத்தைக் கொண்டுவந்து டைரிமேல் வைத்தாள்.

சரி, ராத்திரி எழுதலாம் என்று மாற்றிக்கொண்டேன். அப்போதுதான் வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. நான் முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார். தினமும் பாடக்குறிப்பு எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிய கை இது. முதல் பக்கத்தை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் இப்படி இருந்தது: "நோக்கம்: மனத்தெளிவு பெறுதல். துணைக்கருவிகள்: பேனா, டைரி, மேசை விளக்கு. மதிப்பீடு:" மதிப்பீட்டுக்கு எதிரே ஒன்றுமில்லை. வலது பக்கம் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன்.

மகளிடம் வாசித்துக் காட்டினேன். "ஃபீலிங்ஸ் எழுதுங்கப்பா" என்றாள். எழுதினேன். "இன்று மனநிலை சாதாரணம்." மறுநாளும் சாதாரணம். எங்கள் பக்கத்தில் மனநிலை என்பது கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்காக ஏற்பட்டது. டீக்கடையில் "என்னா சார், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று ஒருவர் ஆரம்பித்தால்தான் அது வெளியே வரும். வெள்ளைத் தாளிடம் அது வாய் திறப்பதில்லை.

திறந்த அன்று மச்சானைப் பற்றித் திறந்தது. மனிதர் பத்தாயிரம் வாங்கியது, அதற்கப்புறம் அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நான் வைத்த மொய், அந்தப் பந்தியில் எனக்கு வடை வராமல் போனது என்று பக்கம் பக்கமாக ஓடியது. எழுதி முடித்தபோது பதினொன்றரை. கொட்டித் தீர்த்தால் மனம் லேசாகும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கோ வடை விவகாரம் அதுவரை மறந்தே போயிருந்தது. இப்போது அதுவும் வரிசையில் வந்து சேர்ந்துகொண்டது. அன்று மூன்று மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

இது என் ராசி மட்டுமல்ல என்று பிறகு தெரிந்தது. இந்தக் கொட்டித் தீர்க்கும் வைத்தியத்துக்கு மூலவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். 1986இல் வெளியான அவருடைய ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வாட்டிய விஷயத்தை எழுதச் சொன்னார். எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போவது குறைந்தது. அந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எழுதி முடித்த கையோடு அந்தப் பிள்ளைகள் முன்னைவிட வாடிப்போய் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அதை என் மகள் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த பிரச்சினை, எழுதியதை எங்கே வைப்பது. கிராமத்து வீட்டில் பூட்டுகிற மாதிரி இருப்பது பீரோ ஒன்று. அதன் சாவி மனைவியின் முந்தானையில் இருக்கிறது. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்று ஒருவர் 1660 முதல் 1669 வரை டைரி எழுதினார். வீட்டுக்கு ஆகாத சமாச்சாரம் நிறைய இருந்ததாலோ என்னவோ, முழுவதையும் சுருக்கெழுத்தில் எழுதிவைத்தார். நல்ல யோசனைதான். ஆனால் என் வீட்டில் செல்லாது. கல்யாணத்துக்கு முன்பு டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்தவள் என் மனைவி. எனக்குத்தான் இரண்டும் தெரியாது.

ஆகவே டைரி மேசைமேலேயே கிடந்தது. அவள் படித்தாள். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. "ஏங்க, எங்கண்ணனப் பத்தி எழுதியிருக்கீங்க, பணம் கொடுத்த தேதி போடலியே? தேதி போடாம எழுதுனா யாரு நம்புவாங்க?" என்று மட்டும் கேட்டாள். தேதி எனக்கு நினைவில்லை. எழுந்து போய்ப் பரணிலிருந்து சுருட்டி வைத்திருந்த பழைய காலண்டர் ஒன்றை இறக்கினாள். ஆவணி மாதத் தாளில் ஒரு கட்டத்துக்குள் பென்சிலில் "அண்ணன் 10" என்று இருந்தது.

அந்தக் காலண்டரை நான் கவனித்துப் பார்த்தது அப்போதுதான். அடுப்படியில் தொங்கும் மாதக் காலண்டரில் அவள் ஏதோ கிறுக்குகிறாள் என்பது தெரியும். என்ன கிறுக்குகிறாள் என்று நான் கேட்டதில்லை. "கே" என்றால் கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள். "பா இ" என்றால் பால்காரர் வராத நாள். அது எங்கள் மாடு வற்றியிருந்த காலம். "ஊசி" என்றால் மாட்டுக்குச் சினை ஊசி போட்ட நாள். அங்கிருந்து ஒன்பது மாதமும் சில நாட்களும் தள்ளி வேறொரு தாளில் சின்னதாக ஒரு கன்றுக்குட்டித் தலை. வட்டம் போட்டிருந்தால் மொய். வட்டத்துக்குள் தொகை. மழை பெய்த நாளில் குறுக்காக இரண்டு கோடு, கனமழை என்றால் நான்கு.

பயிர் இன்சூரன்ஸ் எழுதும்போது எந்தத் தேதியில் விதைத்தோம் என்ற பேச்சு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்பதில்லை, அடுப்படிக்குத்தான் போகிறார். யார் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்று தகராறு வந்தாலும் பரண்தான் கோர்ட்டு. இத்தனைக்கும் அவள் எந்தக் கட்டத்திலும் நான்கைந்து எழுத்துக்கு மேல் எழுதியதில்லை. படுத்தால் ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவாள். குறட்டையும் உண்டு. அதைக் குறித்துவைக்க நான் ஒருவன்தான் விழித்திருக்கிறேன்.

அவளுடைய வழி புதிது ஒன்றும் அல்ல. தமிழில் டைரி என்றால் முதலில் வந்து நிற்பவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம்வரை எழுதியவர். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேவிடம் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தார். வியாபாரியும்கூட. கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, குண்டு எத்தனை முறை போட்டார்கள், கோர்ட்டில் யார் வழக்குத் தோற்றது, யாருக்கு எந்தச் சாலுவை கிடைத்தது என்றுதான் எழுதிக்கொண்டு போகிறார். மனதை ஆராய்கிற வேலையெல்லாம் குறைவு. ஆனால் அவரும் மனிதர்தானே. டூப்ளேவின் மனைவி, மதாம் என்று அவர் எழுதும் அம்மாள், நிர்வாகத்தில் தலையிட்டபோதெல்லாம் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அந்தப் புகைச்சல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 1754இல் டூப்ளே தம்பதி பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். பிள்ளையின் மனப் பாரத்தைக் குறைத்தது எழுத்தா, கப்பலா என்று கேட்டால் நான் கப்பல் பக்கம்.

மனம் தெளிந்ததோ இல்லையோ, எழுதியது நின்றது. 1846இல் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் பிள்ளையின் வீட்டிலிருந்து அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று நாவல் எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. "இன்று மனநிலை சாதாரணம்" என்று பிள்ளை 25 வருடம் எழுதியிருந்தால் யார் கண்டெடுக்கப் போகிறார்கள்?

இதெல்லாம் புதுச்சேரிக் கதை, நமக்கென்ன என்று சொல்லவும் முடியவில்லை. எங்களூருக்குப் பக்கத்திலேயே ஸ்ரீபுரந்தான் இருக்கிறது. அங்கே பழைய சோழர் கோயிலில் இருந்த நடராஜரைத் திருடிக்கொண்டு போனார்கள். பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில். உள்ளே சாமி இல்லை என்பதே 2008இல்தான் தெரிந்தது. என்றைக்குப் போனது என்று நாள் குறித்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. அதே 2008இல் சிலை ஆஸ்திரேலியாவில், கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்தில் 50 லட்சம் டாலருக்கு விலைபோய் நின்றிருந்தது. அது நம்முடையதுதான் என்று காட்ட உதவியவற்றில் முக்கியமானது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். எந்தக் கோயில், எந்தச் சாமி என்று குறித்துவைத்த படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தார். அந்தப் பக்கம் யாராவது ஒரு பெண்மணி காலண்டரில் "கோயில் பூட்டு உடைஞ்சிருக்கு" என்று ஒரு கட்டத்தில் எழுதியிருந்தால் எவ்வளவோ முன்னால் பிடித்திருக்கலாம் என்பது என் மனைவியின் கட்சி. என்னால் மறுக்க முடியவில்லை.

ஆக, என் டைரி இப்போது நடை மாறிவிட்டது. மூன்று பக்கம் இல்லை, ஐந்தாறு வரி. அதிலும் முக்கால்வாசி நாளைக்குச் செய்ய வேண்டியவை. இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூங்கவைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் தூங்கினார்கள். பொத்தாம் பொதுவாக இல்லாமல் பிட்டுப் பிட்டு எழுதினால் இன்னும் சீக்கிரம். மகளிடம் சொன்னேன். "அது ஜர்னலிங் இல்லப்பா, டூ-டூ லிஸ்ட்" என்றாள். ஒன்பது நிமிடத் தூக்கத்தை இந்த வயதில் எந்தப் பெயரில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்.

போன வாரம் ஒரு ராத்திரி எழுதியது: "காயில் கட்டக் கொடுத்த மோட்டாரை வாங்க வேண்டும். சொசைட்டியில் பால் பணம். வேப்பம் பிண்ணாக்கு இரண்டு மூட்டை. மச்சானிடம் பணம் கேட்க வேண்டும்." கடைசி வரி ஜனவரியிலிருந்து எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. எழுதிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் அதற்குக் கீழே அடுப்படிப் பென்சிலில் பதில் இருந்தது. "அண்ணன கேட்டாச்சு. வைகாசில தர்றாராம்."

எந்த வருஷத்து வைகாசி என்று இல்லை. எனக்குத் தெரிந்து அவள் வருஷமும் தேதியும் போடாமல் எழுதிய குறிப்பு அது ஒன்றுதான்.