படம் எப்புடி மாப்ள?: மதுரைத் திரைப்பரிந்துரையில் அளவைகள் பற்றிய ஒரு முன்னோட்ட ஆய்வு

ஒரு படம் நல்ல படம் என்பதை, அதைப் பார்க்காத ஒருவன் எவ்வாறு அறிகிறான்? தமிழாய்வுலகம் இக்கேள்வியை இதுவரை தொடவில்லை. தொட்டிருந்தால் இதற்கும் ஒரு தேசியக் கருத்தரங்கு நடந்து, மதியம் பிரியாணி போட்டு, கட்டுரைத் தொகுதி ஒன்று வெளிவந்து, யாரும் பிரிக்காத நூலக அலமாரியில் எண் பெற்றிருக்கும். அக்குறையைப் போக்க இக்கட்டுரை முனைகிறது.

ஆய்வெல்லை: வடக்கே செல்லூர், தெற்கே திருப்பரங்குன்றம். ஆய்வுக்காலம்: முதல் ஆட்டம் விடுவதற்கும் இரண்டாம் ஆட்டத்துக்கு மணி அடிப்பதற்கும் இடைப்பட்ட நேரம். ஆய்வுக்களம்: டீக்கடை பெஞ்சு. சங்கப்பலகை தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் இடம் கொடுத்ததாம். பெஞ்சுக்கு அந்தக் கெட்ட குணம் இல்லை.

இத்துறையின் முன்னோடிகள் எல்லோரும் மதுரையோடு தொடர்புடையவர்கள். மணிமேகலை பாடிய கூலவாணிகன் சாத்தனார் தானிய வியாபாரி. பிறர் பாட்டில் பிழை கேட்டபோதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொண்டார், தலை சீழ் பிடித்துச் சீத்தலைச் சாத்தனார் ஆனார் என்று ஒரு கதை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று அறிஞர்கள் சொல்வார்கள். அதை ஒப்புக்கொண்டால் நம் ஆய்வு நகராது. ஆகவே சீழையே கொள்கிறோம். மோசமான படைப்புக்குத் தன் தலையைத் தண்டித்த கடைசி விமரிசகர் அவர்தான். பின்னால் வந்தவர்கள் குத்துவதெல்லாம் அடுத்தவர் தலையில்.

இறையனார் களவியல் என்னும் அகப்பொருள் நூலுக்கு எழுந்த உரைகளில் எது மெய்யுரை என்று தீர்க்க வந்தவன் உருத்திரசன்மன், வாய் பேசாத ஐந்து வயதுப் பிள்ளை. மருதனிளநாகனார் உரைக்கு அங்கங்கே கண்ணீர் விட்டான். நக்கீரர் உரைக்குச் சொல்லுக்குச் சொல் விட்டான். வழக்கு முடிந்தது. 1961இல் பாசமலர் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்த பெண்கள் கையாண்டதும் இதே முறைதான். அடுத்த ஆட்டத்துக்கு நின்றவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை (சிம்மக்கல் டீக்கடைக் கடன் நோட்டு, பின்னட்டை).

இனி அளவைகள். உ.வே.சா. சுவடி தேடி அலைந்து 1898இல் அச்சேற்றிய மணிமேகலையின் இருபத்தேழாம் காதை, உண்மையை அறியும் வழிகள் வியாதனுக்குப் பத்து, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு என்கிறது. டீக்கடைக்குப் பத்தும் தேவை.

காண்டல் என்பது டிக்கெட் எடுத்துத் தானே பார்ப்பது. செலவு பிடித்த வழி, விடுவோம். புகையைக் கொண்டு நெருப்பை அறிவது கருதல். கட்அவுட்டில் வழியும் பாலைக் கொண்டு படத்தை அறிய முயன்றவர்கள் காசை இழந்தார்கள். உவமத்துக்குச் சாத்தனார் பசுவைப் போன்ற காட்டுப்பசுவைக் காட்டுகிறார். நாம் கொரியப் படத்தைப் போன்ற தமிழ்ப் படத்தைக் காட்டலாம். நூல் சொன்னதை நம்புவது ஆகமம், நமக்கு அது விகடன் விமரிசன மார்க். யானைமேல் இருப்பவன் ‘கொடு’ என்றால் அங்குசத்தைத்தான் கேட்கிறான் என்று அறிவது இயல்பு, வெள்ளிக்கிழமை ‘போலாமா?’ என்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்வதை நம்புவது ஐதிகம். 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியதாக இருந்தது என்று மதுரையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். டேப் பிடித்து ஆசியாவை அளந்தவர் யார் என்று கேட்பவன் வெளியூர்க்காரன். அபாவம், அதாவது ஒரு பொருள் இல்லாமையை அறிவது, கரகாட்டக்காரனின் வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணியாலும் செந்திலாலும் முற்றாக ஆராயப்பட்டுவிட்டது, சேர்க்க ஒன்றுமில்லை.

அருத்தாபத்திக்குக் கொஞ்சம் நிற்க வேண்டும். கங்கையில் குடியிருக்கிறான் என்றால் கரையில் என்று கொள்வது இது. ‘கேமரா சூப்பர்ண்ணே’ என்றால் கதை இல்லை. ‘செகண்ட் ஆஃப் பரவாயில்ல’ என்றால் முதல் பாதியில் தூங்கியிருக்கிறான். ‘ஏசி நல்லா இருந்துச்சு’ என்றால் மேற்கொண்டு விசாரிப்பது மனிதாபிமானம் ஆகாது (மேற்படி நோட்டு, வடைக்கறைக்கு மேல் மூன்றாம் வரி, செல்லூர்ப் பிரதியில் வரி இல்லை, கறை மட்டும் உண்டு).

ஒன்பதாவது மீட்சி. இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றான் என அறிவது. மதுரையின் பரிந்துரை முறை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஒத்த ரசனைக்காரன் சொல் எதற்கும் உதவாது. அவன் நம்மைப் போலவே ஏமாறுவான். வேண்டியவன் எதிர் ரசனைக்காரன், அதுவும் பிசகாமல் எதிராகவே இருப்பவன். பெஞ்சின் மேற்கு முனையில் சிவாஜி ரசிகர், கிழக்கு முனையில் எம்.ஜி.ஆர். ரசிகர். ‘ஒரே அழுகாச்சி பங்காளி, உக்கார முடியல’ என்று கிழக்கு சொன்னதும் மேற்கு எழுந்து செருப்பை மாட்டும். ‘சும்மா கத்தியச் சுத்திக்கிட்டே இருக்காரு’ என்று மேற்கு சலித்துக்கொண்டால் கிழக்கு குடும்பத்தோடு கிளம்பும். இருவரும் ஒருவரையொருவர் இப்படி நம்பியதுபோலக் கட்டிய மனைவியை நம்பியதில்லை.

உரைகாரர்கள் இங்கே பிரிகிறார்கள். எதிராளி திட்டினாலே போதும், படம் நன்று என்பார் தரை டிக்கெட் உரைகாரர். பால்கனி உரைகாரரோ, ஒரு டீக்குத் திட்டினால் ஒரு தடவை பார்க்கலாம், இரண்டு டீக்குத் திட்டினால் நூறு நாள் ஓடும் என்று அளவு வைப்பார். இடைவேளையில் முறுக்கு விற்றவர் இருவரையும் மறுத்து, டீக்குக் காசு கொடுத்தது யார் என்று வினவுகிறார். (செல்லூர்ப் பிரதியின் கறைக்குத் தெப்பக்குளத்துக் கடையில் எழுந்த அரும்பதவுரை காண்க. அக்கறை வடையினது அன்று, பஜ்ஜியினது என்று நிறுவும் இருநூறு பக்க மறுப்பு இன்னும் அச்சேறவில்லை. அதற்குள் முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது.)

மீட்சிக்கு நெருக்கடிகளும் வந்தன. 1964 தீபாவளிக்கு ஒரே நாளில் சிவாஜிக்கு நவராத்திரி, முரடன் முத்து என்று இரண்டு, எம்.ஜி.ஆருக்குப் படகோட்டி ஒன்று. இரண்டு இராமன், ஒரு இராவணன் என்றால் கணக்கு எப்படி என்பதைச் சாத்தனார் சொல்லிவைக்கவில்லை. போதாததற்கு நவராத்திரியில் சிவாஜிக்கு ஒன்பது வேடம். தான் அளவையாகிவிட்டதை எதிராளி அறிந்து, வேண்டுமென்றே புகழத் தொடங்கினால் அது மீட்சியின் மீட்சி. 2023 ஜனவரி 11 அன்று துணிவும் வாரிசும் சேர்ந்து வந்தபோது பேரன்மார் இதை நாலாம் படிவரை கொண்டுபோனார்கள். கடைசியில் யாருக்கு எது பிடித்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பெருவீழ்ச்சி 1989இல் நேர்ந்தது. கரகாட்டக்காரன் வந்தது. மேற்கு முனை ‘நல்லாருக்கு’ என்றது. கிழக்கு முனையும் ‘நல்லாருக்கு’ என்றது. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்தன. படம் மதுரையில் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓட, அத்தனை நாளும் பெஞ்சில் அறிவு வளர்ச்சி நின்றுபோயிற்று.

இந்த மக்களிடம் உட்கார்ந்து கேட்ட ஆய்வாளர் இல்லாமல் இல்லை. 1980களில் அமெரிக்காவிலிருந்து வந்து மதுரை ரசிகர்களோடு பழகிய சாரா டிக்கி, 1993இல் அதைக் கேம்பிரிட்ஜ் வெளியீடாகப் புத்தகமாக்கினார். நம் பேராசிரியர்களும் அதே தியேட்டர்களில் அதே படங்களைப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் பால்கனி. கேள்வியெல்லாம் கீழே இருந்தது. பின்னர் டிக்கியின் புத்தகத்தை மேற்கோள் காட்டி, செல்லூரில் என்ன நடக்கிறது என்று செல்லூர்க்காரருக்கு விளக்கினார்கள்.

பத்தாவது, உண்டாநெறி: ஊசி திரும்புவதைப் பார்த்துக் காந்தம் இருப்பதாகக் கொள்வது. ஊசியே பார்க்காமல் துணிந்தவர் தி.மு.க.வின் மதுரை முத்து. எம்.ஜி.ஆரின் உலகம் சுற்றும் வாலிபன் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்றாராம். படம் 1973 மே 11 அன்று வந்தது. சேலை என்ன ஆயிற்று என்ற இடத்தில், கிடைத்த எல்லாப் பிரதிகளிலும் ஏடு செல்லரித்திருக்கிறது.