ஜிம்மியின் போஜனம்

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதி மதிப்பெண் பெறாத தமிழன் இருக்கமாட்டான் என்றாலும், அந்த நன்றி எந்த ஆகாரத்துக்குக் கைம்மாறாகச் செலுத்தப்படுகிறது என்பதையோ, அந்த ஆகாரம் அதன் சரீரத்தினுள் சென்று என்ன காரியம் செய்கிறது என்பதையோ விசாரித்தவர்கள் வெகு சொற்பம். வாலை ஆட்டுகிறது, ஆகவே ஆகாரம் உத்தமமானது என்று தீர்மானித்துவிடுகிறோம். வாலாட்டத்தைக் கொண்டு உணவின் குணத்தை நிர்ணயிப்பதானால், பழைய செருப்பைக் காட்டிலும் சத்துள்ள பதார்த்தம் உலகில் கிடையாது.

எங்கள் வீட்டு ஜிம்மி ஜாதியில் லாப்ரடார். ஆசாரத்தில் சுத்த சைவம். காலையில் என் தாயார் பூஜை முடித்து எழுந்ததும் முதல் பிரசாதம் அவனுக்கு. அது வெள்ளிக்கிழமையானால் சர்க்கரைப் பொங்கல், மற்ற நாளில் வெண்பொங்கல். பகலில் சாம்பார் சாதம், மாலையில் முறுக்கு, இரவில் தயிர்சாதம். அவன் பசியோடிருக்கிறானோ என்ற ஐயம் எழும்போதெல்லாம் என் மனைவி தரும் தோசையும், பரீட்சைக்குப் படிக்கும் பையன் மேஜைக்கடியில் தள்ளும் பிஸ்கோத்தும், மாடிவீட்டு மாமி சுவர்மேல் வைத்துவிட்டுப் போகும் மைசூர்பாகும் கணக்கில் சேராதவை. மற்றவர்கள் நாய்க்கு ஒன்றுமே கொடுப்பதில்லை என்று வீட்டில் ஒவ்வொருவரும் மனப்பூர்வமாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கலைக்க விரும்பாத பெருந்தன்மையோடு ஜிம்மியும், அன்றைக்கு முதன்முதலாக அன்னத்தைக் காணும் முகபாவத்துடன் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றான்.

முடி உதிர்ந்து, உடம்பெல்லாம் சொறிந்து, வாசற்படி ஏறுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபின் கால்நடை வைத்தியரிடம் அழைத்துப்போனோம். தாமும் சற்று ஸ்தூல சரீரியான அந்த வைத்தியர், பலாப்பழத்தினுள் சுளை தேடுபவரைப்போல ஜிம்மியின் விலாப்புறத்தை நெடுநேரம் அழுத்திப் பார்த்துவிட்டு, "விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படவேண்டும், அம்மா, இவனுக்கு அது இருப்பதாகவே தெரியவில்லையே. என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டார்.

"என்னத்தைச் சாப்பிடுகிறான்! கொறிக்கிறதோடு சரி" என்றாள் என் தாயார்.

பையனை விசாரித்து விவரங்களைக் கறந்த பிறகு வைத்தியர் சொன்னவை கேட்கச் சகிக்கவில்லை. வெங்காயம் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்குமாம். பொங்கலில் நெய்யில் பொரிந்து மினுக்கும் உலர்ந்த திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். அந்தக் கேட்டுக்குக் காரணமென்று சந்தேகிக்கப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் தாராளமாக உண்டு. புளி தின்ற நாய்களுக்கும் அதே கதி நேர்ந்த விவரத்தை 2022-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நம் நாகரிகத்தின் சிகரம் என்று நான் கருதிவந்த சாம்பார், நாயின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு குற்றப்பத்திரிகை.

"அப்படியானால் அரிசியே ஆகாதா?" என்றாள் தாயார். அந்த ஒரு விஷயத்தில் அவள் கட்சிக்கு ஸ்வீடன் தேசத்திலிருந்தே ஆதரவு இருக்கிறது: மாச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று உப்சாலா சர்வகலாசாலையினர் 2013-ல் எடுத்துக்காட்டினார்கள். மனிதனோடு குடித்தனம் செய்து நாய் சோற்றுக்குப் பழகிவிட்டது. சோறே ஜீவனம் என்பதைத்தான் அதன் உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை.

உடம்பு ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாய்கள் தம் எலும்பைக் கொடுத்தே நமக்குக் கற்பித்திருக்கின்றன. எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேயர், முதல் மகாயுத்த காலத்தை ஒட்டி லண்டனில், நாய்க்குட்டிகளை அறைக்குள்ளேயே அடைத்து ஓட்ஸ் கஞ்சியைப் பிரதானமாகக் கொடுத்து வளர்த்தபோது, அவற்றின் எலும்புகள் வலுவிழந்து கால்கள் வளைந்து, குழந்தைகளைப் பீடிக்கும் ரிக்கெட்ஸ் நோய் அப்படியே அவற்றுக்கும் கண்டது. காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்த குட்டிகளோ தப்பின. 1919-ல் இந்த முடிவு வெளியானபின் எத்தனை குழந்தைகளின் மூக்கைப் பிடித்து அந்த எண்ணெயைப் புகட்டினார்களோ, அவர்களுடைய கால்கள் நேராக இருப்பதற்கு வளைந்த கால் குட்டிகளே காரணம். 1937-ல் அமெரிக்காவில் எல்வெஜம் என்பவரும் அவருடைய சகாக்களும் நாய்களின் கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலத்தால் குணப்படுத்திக் காட்டியதும், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளின் பெல்லாக்ரா நோய்க்கும் மருந்து அகப்பட்டது. இத்தனை உபகாரம் செய்த ஜாதிக்கு நாம் செய்யும் பிரதியுபகாரம் மைசூர்பாகு!

ஜிம்மிக்காகவும் வாதாட இடமுண்டு. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியை அடக்கிவைக்கும் மரபணுவில் ஒரு துண்டு குறைவென்று 2016-ல் கண்டார்கள். அந்த நாலில் ஒன்று எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 48 லாப்ரடார்களில் பாதிக்குத் தீனியை ஆயுள் முழுவதும் 25 சதவீதம் குறைத்துக் கொடுத்ததில், அவை மற்றவற்றைவிடச் சுமார் 1.8 வருஷம் கூடுதலாக ஜீவித்தன. பாயசத்துக்காக ஆயுளில் ஏறக்குறைய இரண்டு வருஷத்தைத் தாரைவார்க்கும் ஆசாமிகளை எங்கள் குடும்பத்திலேயே காட்டமுடியும். ஆனால் அவர்கள் தெரிந்து செய்கிறார்கள்.

வைத்தியர் தீனியை அளந்து போடச் சொன்னதோடு நில்லாமல், தினம் ஓர் அவித்த முட்டையும் விதித்தார். முட்டை என்ற வார்த்தை கேட்டதும் வீட்டில் மௌனம் நிலவியது. இரண்டு நாள் யோசனைக்குப் பிறகு, கொல்லையில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி இடுக்கி என்ற நிபந்தனைகளின்பேரில் தாயார் சம்மதித்தாள். ஏகாதசியன்று மட்டும் அந்த அடுப்பு எரியக்கூடாது, தன்னைப்போலவே ஜிம்மியும் ஒருவேளை உபவாசம் இருக்கவேண்டும் என்பதில் அவள் அசையவில்லை.

அடுத்த முறை போனபோது ஜிம்மியின் விலா எலும்பு தொட்ட மாத்திரத்தில் வைத்தியர் விரலுக்கு அகப்பட்டது. அவர் மெத்தச் சந்தோஷப்பட்டு, "எந்தத் தீனி போட்டீர்கள், அம்மா?" என்று கேட்டார்.

"தீனி என்ன தீனி! ஏகாதசி இருக்கிறான்" என்ற என் தாயார், அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்களும் இருந்து பாருங்களேன், டாக்டர்" என்றாள்.