பொறுமைசாலி என்றொரு வதந்தி

தூண்டில் போடுகிறவர் பொறுமையின் வடிவம் என்பது உலகம் முழுக்க உலவும் வதந்தி. இங்கிலாந்தின் ஐசக் வால்டன் 1653-இல் அதைச் சிந்தனையாளரின் பொழுதுபோக்கு என்று தலைப்பிலேயே போட்டுப் புத்தகம் எழுதினார். அவர் வெள்ளாயணிக் காயல் கரைக்கு வந்ததில்லை. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் ஓய்வுபெற்றவர் அங்கே குடையும் மைதா உருண்டையுமாக உட்கார்ந்திருக்கிறார். தக்கை அசைந்தால் தூண்டிலைத் தூக்குவார். அசையாவிட்டால், ஏன் அசையவில்லை என்று பார்க்கத் தூக்குவார். மைதா போய் மண்புழு வரும், மண்புழுவும் பலிக்காமல் இடம் மாறும், மாறியதும் பழைய இடத்தில் மீன் துள்ளும். முப்பது வருஷம் கோப்புகளைக் காக்கவைத்தவருக்குத் தாம் காத்திருக்கப் பழக்கமில்லை.

பொறுமை இல்லாதவர் மதியம் வரை எப்படி உட்காருகிறார் என்று கேட்கலாம். எழுந்துபோனால் பக்கத்துக் குடைக்காரர் இடத்தைப் பிடித்துக்கொள்வார், காரணம் அவ்வளவுதான். மீன்களுக்கும் அவர் சுபாவம் தெரியும். வீட்டில் அவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தது கரிமீன். 2010-இல் கேரளம் மாநில மீனாக அறிவித்த சீமான். வாய் சிறியது, பாசி மேய்ந்து பழகியது. மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்துவிட்டு முள்ளைச் சுத்தமாகத் திருப்பித் தரும். விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன், அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். அது தலைகாட்டியதும் இவர் எழுந்து நின்று சத்தம்போட, அடுத்த மூச்சை எதிர்க்கரையில் போய் விடும். கடைசியில் மாட்டுவது, கிடைத்ததைத் தின்னும் ஜிலேபிக் கெண்டை. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்க வம்சம். குடம்புளி போட்டுக் குழம்பு வைத்தால் எல்லா மீனும் ஒன்றுதான் என்பார். வால்டன் சொன்ன சிந்தனை அங்கேதான் தொடங்குகிறது.

சோம்பேறித்தனம், உயிர்வதை என்று குற்றம் சாட்டுகிறவர்களுக்கும் பதில் உண்டு. வெடி, விஷம், மின்சாரம் வைத்து மீன் பிடிப்பதைக் கேரளத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. பருவமழை தொடங்கியதும் முட்டையிட வயலேறும் மீன்களைக் கூட்டமாக வாரும் ‘ஊத்த’ப் பிடித்தத்துக்கும் தடை உண்டு. அப்படி வாருகிறவர்களின் திறமையைப் பார்க்கும்போது, இவருடைய திறமையின்மை காயலுக்குக் கிடைத்த வரம். ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஜெயிக்கக்கூடாது. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் விரால், அருகில் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. குடைக்காரரே, அந்த விராலை விட்டுவிடுங்கள். மற்றபடி விருப்பம்போல் தூண்டில் போடுங்கள். உங்களால் காயலுக்கு ஒரு ஆபத்தும் இல்லை.