87 பேட்ச்

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்த மனிதரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். அவர் நிலைக்கதவைப் பார்ப்பார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, "மேல ரெண்டு மில்லி உள்ள வாங்கியிருக்கு" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என் அத்தான் பெண் பார்க்க வந்த அன்றே இந்த வேலையைக் காட்டினார். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றபோது அவர் கூடத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்கு வெட்கம் என்று அம்மா பூரித்துப் போனாள். ஜன்னல் சட்டம் மூலைமட்டத்துக்கு இல்லை என்ற விஷயம் கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

அத்தான் 87 பேட்ச், மெக்கானிக்கல். பெயருக்கு அடுத்தபடியாக அவர் சொல்லும் தகவல் இதுதான். வேலை, பதவி, பிள்ளைகள் எல்லாம் அப்புறம்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1984-ல் பத்தாவது முடித்த பையனுக்கு டிப்ளமோ சீட் என்பது சாதாரண விஷயமில்லை. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அப்போதுதான் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன, பி.இ. என்பது அடுத்த தெருக்காரர் வீட்டுப் பேச்சாகவே இருந்தது. மூன்று வருஷம் காக்கிச் சட்டை போட்டு மெஷினோடு மல்லுக்கட்டினால் மின்வாரியம், பொதுப்பணித்துறை, நெய்வேலி, திருச்சி பெல் என்று எங்காவது ஒரு நாற்காலி நிச்சயம் என்ற நம்பிக்கை இருந்தது. பையன் தோளில் ட்ராஃப்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் தெருவே "இன்ஜினியர் தம்பி" என்றது. அப்புறம் தடுக்கி விழுந்த இடமெல்லாம் பொறியியல் கல்லூரி. அதே தெரு, "ஓ, டிப்ளமோதானா?" என்று கேட்கத் தொடங்கியது. அந்த ஒரு "தானா"வுக்குப் பதில் சொல்லத்தான் அத்தான் மாதிரி ஆட்கள் வருஷா வருஷம் பழைய மாணவர் சந்திப்பு நடத்துகிறார்கள் என்பது என் கட்சி.

அவரிடம் பி.இ. பெருமை பேசிப் பார்த்துவிடாதீர்கள். சென்னை மத்திய பாலிடெக்னிக் 1916-லேயே தொழிற்பள்ளியாகத் தொடங்கியது என்பார். கோவையில் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் வந்தது 1939-ல். அதே பீளமேட்டில் அவர்களுடைய பொறியியல் கல்லூரி வந்தது 1951-ல்தான் என்பார். "யாரு மாப்ள அண்ணன், யாரு தம்பி?" என்று முடிப்பார். இந்த இரண்டு இடத்திலும் அவர் படித்ததில்லை. அவர் படித்தது வேறொரு ஊரில், ஓடு வேய்ந்த பட்டறைக் கொட்டகையும் ஒரு புளியமரமும் உள்ள இடத்தில். ஆனாலும் வம்சப் பெருமை பொது. ஏ.எம்.ஐ.இ. எழுதிப் பட்டம் வாங்கியிருக்கலாமே என்று யாராவது கேட்டால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். "செக்‌ஷன் ஏ-ல ஒரே ஒரு பேப்பர் நின்னு போச்சு." அந்த ஒரு பேப்பர் முப்பது வருஷத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருக்கிறது.

ஒரு தடவை என்னையும் அந்தச் சந்திப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் கலைக்கல்லூரி ஆசாமி. அரத்துக்கும் ரம்பத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். கார் ஓட்ட ஆள் வேண்டும் என்பதால் அழைத்துப் போனார் என்பது வாசலில் புரிந்தது. உள்ளே ஐம்பத்தைந்தைத் தாண்டிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் "டேய் தியோடலைட்!", "டேய் டம்ளர்!" என்று கூப்பிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தியோடலைட் என்பவர் சிவில். சர்வே வகுப்பில் அந்தக் கருவியை எந்தப் பக்கம் திருப்பச் சொன்னாலும் அது கடைசியில் பஸ் ஸ்டாப் பக்கமே திரும்பி நிற்குமாம்.

முதல் அரை மணி நேரத்தில் ஒரு விதி பிடிபட்டது. யாருக்கு அரியர் அதிகமோ அவருக்குத்தான் கல்லூரிப் பாசம் அதிகம். மூன்றே வருஷத்தில் எல்லாப் பேப்பரையும் முடித்து, டிஸ்டிங்ஷன் வாங்கிக்கொண்டு போனவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஏப்ரல் அக்டோபர், ஏப்ரல் அக்டோபர் என்று ஹால் டிக்கெட்டோடு அதே கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தவர்கள்தான் மேடைக்குப் பந்தல் போடுகிறார்கள். காலேஜை விட்டுப் பிரிய மனமில்லாமல் இருந்தவர்கள் என்று நாகரிகமாகச் சொல்லலாம்.

மைக்கைப் பிடித்த ஒருவர் ஒர்க்‌ஷாப் கட் அடித்துவிட்டு ‘நாயகன்’ முதல் நாள் முதல் காட்சி போன வீரத்தை விவரித்தார். கூட்டம் விசிலடித்தது. தியோடலைட் எழுந்தார்.

"டேய், அது 87 தீபாவளிக்கு வந்த படம். தீபாவளி அன்னைக்கு எவன்டா ஒர்க்‌ஷாப் வச்சான்? அதுவும் நாம ஏப்ரல்லயே முடிச்சாச்சே!"

"முடிச்சது நீங்கடா. நான் அக்டோபர் அரியருக்கு வந்திருந்தேன்."

டெக்சாஸிலிருந்து வந்திருந்தவர் கொஞ்சம் மரியாதைப்பட்டவர்; பேச்சில் ‘ஆக்சுவலி’ அதிகம். அமெரிக்காவில் இந்த மாதிரி இடத்தைக் கம்யூனிட்டி காலேஜ் என்பார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் வேலை பார்த்துக்கொண்டே படிப்பார்கள், இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-லேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்று விளக்கினார். அங்கே படிப்பு இரண்டு வருஷம்தான் என்று அவர் சொன்னதும் அத்தான் துள்ளி எழுந்து, "நாமல்லாம் மூணு வருஷம் படிச்சோம்டா!" என்றார்.

"நீ அஞ்சு வருஷம்டா" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. இந்தத் தகவல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை தெரியாது. நான் அக்காவிடம் சொல்லவில்லை. தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம்.

எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் படித்த அம்மையார் ஒருவரும் வந்திருந்தார். அந்த வருஷம் மொத்தக் கல்லூரிக்கும் இரண்டே பெண்களாம். கூடியிருந்தவர்கள் எல்லாரையும்விடப் பெரிய பதவிக்குப் போனவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவருக்கு ரெக்கார்ட் நோட்டு எழுதிக் கொடுத்தவர், ஃபீஸ் கட்டக் கடைசி நாளில் ஓடியவர், சைக்கிளில் காற்றடித்துக் கொடுத்தவர் என்று ஏகப்பட்ட உபகாரிகள் வரிசையாகப் பேசினார்கள். கடைசியில் அவரே மைக்கை வாங்கினார். "மூணு வருஷத்துல உங்கள்ல ஒருத்தர்கூட எங்கிட்ட பேசினதில்ல. ஒரே ஒருத்தர் ஒரு தடவை மணி கேட்டார். அவ்வளவுதான்." மூன்று பேர் ஒரே நேரத்தில் "அது நான்தான்" என்றார்கள்.

பழைய ஆசிரியர்கள் முன்வரிசையில் பொன்னாடைக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வந்த சோதனை வேறு. வழுக்கையும் தொந்தியுமாக ஒருவர் வந்து குனிந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்கிறார். உலகத்தில் இதைவிடக் கொடுமையான வைவா கேள்வி கிடையாது. அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். "தெரியாம என்னப்பா? மெக்கானிக்கல்தானே?" என்பார்கள். "இல்ல சார், சிவில்." "அதான், சிவில். நீ அப்பவே அப்படித்தான்." வந்தவர் கண் கலங்கி நகர்ந்துவிடுவார்.

ஃபிட்டிங் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் மட்டும் இந்தத் தந்திரத்துக்கெல்லாம் போகவில்லை. "உன் மூஞ்சி ஞாபகமில்ல. கையக் காட்டு" என்றார். அத்தான் காட்டினார். இடது ஆள்காட்டி விரலில் ஒரு பழைய தழும்பு. "ஹேக்சா. வீ ஜாயின்ட் போடும்போது. பிளேடைப் பல்லு பின்பக்கம் இருக்கிற மாதிரி மாட்டின பய நீதானே?" அத்தானுக்கு ஜனாதிபதி விருது கிடைத்த சந்தோஷம்.

இந்த வீ ஜாயின்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே அன்று இதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள். இரண்டு இரும்புத் துண்டு. ஒன்றில் ‘வி’ வடிவத்தில் பள்ளம், மற்றதில் அதற்குள் உட்காரும் மூக்கு. வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி ராவி, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் இன்ஸ்ட்ரக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் "போய்த் தேய்." தேய்த்தால் இன்னொரு பக்கம் இடைவெளி வரும். அதைத் தேய்த்தால் அளவு குறையும். அளவு குறைந்தால் புதுத் துண்டு. கெட்டிக்காரப் பையன்கள் ஓரத்தைச் சுத்தியலால் நைசாகத் தட்டிப் பிதுக்கி இடைவெளியை அடைப்பார்கள். அவர் விரல் நுனியால் ஒரு தடவு தடவிவிட்டு அந்தத் துண்டைக் குப்பை டிரம்மில் வீசுவார். அந்தச் சத்தத்தை அங்கிருந்த அத்தனை பேரும் வாயாலேயே செய்து காட்டினார்கள். தெர்மோடைனமிக்ஸ் எடுத்தது யார் என்று கேட்டதற்கு ஒருத்தருக்கும் பெயர் வரவில்லை.

கல்யாண மண்டப நிலைக்கதவின் ரகசியம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தான் கதவைப் பார்ப்பதில்லை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சத்தைப் பார்க்கிறார்.

சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாக ஒருவர் மேடையேறினார். இப்போது ஊரறிந்த கான்ட்ராக்டர். ஜிப்பாப் பைக்குள் கைவிட்டு ஒரு ட்ரை ஸ்கொயரை எடுத்தார். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தது பளபளத்தது. "நம்ம காலேஜ் ஞாபகமா 86-ல ஸ்டோர்லேருந்து நான் சுட்டது. இன்னைக்கு வரைக்கும் என் பூஜை அறையில இருக்கு" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. உடனே நாலைந்து பேர் எழுந்து தாங்கள் எடுத்துப் போன பொருள்களை அறிவித்தார்கள். ஒருவர் பிளம் பாப். ஒருவர் வெர்னியர். சிவில்காரர் ஒருவர் சர்வே சங்கிலியில் பாதி.

முன்வரிசை ஓரத்தில் வேட்டி கட்டிய ஒல்லியான பெரியவர் அதுவரை வாயே திறக்கவில்லை. மெதுவாக எழுந்தார். ஸ்டோர் கீப்பர்.

"அந்த ட்ரை ஸ்கொயருக்கு எங்கிட்ட பதினெட்டு ரூபா பிடிச்சாங்க தம்பி. சங்கிலிக்கு மூணு மாசம் பிடிச்சாங்க."

கூட்டம் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தது. அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் பர்ஸை எடுத்தார்கள். அப்புறம் வழக்கம்போல் விவாதம். பதினெட்டு ரூபாய்க்குத் தனிவட்டியா, கூட்டுவட்டியா? தொழில்நுட்பக் கல்வி பெற்றவர்கள் என்பதால் கால்குலேட்டரை எடுத்தார்கள். சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. பெரியவர், "அதெல்லாம் வேணாம். பொருளைக் கொடுத்தாப் போதும், ரெஜிஸ்டர்ல இன்னும் அந்த வரி அடிக்காம இருக்கு" என்றார். ஓய்வு பெற்றபோது அந்தப் பக்கங்களை நகலெடுத்து வீட்டில் வைத்திருக்கிறாராம்.

பிராயச்சித்தமாக அவரை 87 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அத்தான்தான் அட்மின், அங்கேயே சேர்த்துவிட்டார். மறுநாள் காலை குட் மார்னிங் ரோஜாப்பூக்களுக்கும் முருகன் படத்துக்கும் அடியில் பெரியவரின் முதல் செய்தி வந்தது. கைப்பட எழுதிய பட்டியல், நாலு பக்கப் புகைப்படம். ஆறு அங்குல ஸ்டீல் ரூல், ஒன்பது. உள்காலிப்பர், நாலு. மெல்லிய அரம், பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் எந்தப் பிரிவுக்குக் கொடுத்தது என்பதும்.

சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் குழுவை விட்டு வெளியேறியிருந்தார்கள்.