டால்பி மாமா

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. மின்கட்டண அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. குடியிருப்புக் குழந்தைகளுக்கு அவர் டால்பி மாமா. 2004, 2005 வாக்கில் சென்னையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருந்தார். டிவிடி டிரைவ் மாட்டிய கம்ப்யூட்டர், ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய ஆறு ஸ்பீக்கர், முகத்தில் தூக்கமின்மை. இந்த மூன்றும் சேர்ந்தால் டால்பி மாமா.

“சார், ஒரு பத்து நிமிஷம் வந்துட்டுப் போங்களேன். ஒரு சவுண்டு கேக்கணும்” என்பார். கவனியுங்கள், படம் பார்க்க அல்ல. அவர் வீட்டில் யாரும் படம் பார்த்ததில்லை.

கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் இரண்டு ஸ்பீக்கர் 30 டிகிரியில், பின்னால் இரண்டு 110 டிகிரியில். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து அளந்து வைத்தது. பையன் அன்று பள்ளியில் கோணமானி இல்லாமல் பெஞ்சு மேல் நின்றானாம். நடுவில் வசனத்துக்கென்று ஒன்று. ஆக ஐந்து. 5.1-இல் அந்தப் புள்ளி ஒன்று என்பது சப்வூஃபர். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் உறுமல்கள் மட்டும் அதன் இலாகா. கீழ் வீட்டுக்காரருக்கு எங்கள் மாமாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் புள்ளி ஒன்று மட்டும்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தால் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுப்பதுபோல் நம் தாடையைத் திருப்புவார். “கொஞ்சம் இடது... போதும். இப்ப அசையாதீங்க.” பிறகு ‘சேவிங் பிரைவேட் ரையன்’ ஓடும். கடற்கரைச் சண்டை. குண்டு காதோரம் பறக்கும், மணல் பின்னந்தலையில் விழும். ஒருமுறை வலது பின்பக்கம் நீளமாக ஒரு ஊளை. “கேட்டீங்களா சார், ஷெல்லு! அப்படியே தலைக்கு மேல போச்சு பாருங்க!” என்று துள்ளினார். சமையலறை வாசலிலிருந்து மாமி சொன்னார்: “மூணாவது விசில். அடுப்பை அணைச்சுடட்டுமா?”

சண்டை முடிந்ததும் நிறுத்திவிடுவார். அதே படத்தின் டிடிஎஸ் டிவிடியைப் போட்டு முதலிலிருந்து. டால்பி டிஜிட்டல் டிவிடியில் அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட், டிடிஎஸ் அதைப்போல் மூன்று மடங்குகூடப் போகும் என்று விளக்குவார். இப்படி அந்தக் கடற்கரையில் எழுபது எண்பது முறையாவது இறங்கியிருப்பார். போன மாதம் பேச்சுவாக்கில் கேட்டார்: “ஆமா சார், கடைசில அந்தப் பையன் ரையன் கெடைச்சானா?”

ஆனால் ஸ்பீக்கர் எல்லாம் அவருக்குச் சில்லறைக் கவலை. நிஜமான கவலை மென்பொருள். ஏழாயிரம் பாட்டு போடும் விண்டோஸ் எக்ஸ்பி, தனியாக டீகோடர் போடாவிட்டால் டிவிடியைக் கண்டு முழிக்கும். ஆகவே வீட்டோடு இருந்த சவுண்டு கார்டுக்கு வரன் பார்க்கும் வேலை அவர் தலையில் விழுந்தது.

முதல் வரன், டிரைவ் பெட்டிக்குள் இலவசமாக வந்த சிடி. பார்க்க லட்சணம். படமும் ஓடியது. ஆனால் பின் ஸ்பீக்கர் இரண்டும் வாயே திறக்கவில்லை. மாமா ஒயரைக் கழற்றினார், மாட்டினார், பச்சை ஜாக்கைக் கருப்பில் செருகினார், ஆரஞ்சில் செருகினார். மூன்று இரவு. கடைசியில் அமைப்புப் பக்கத்தின் மூலையில் சாம்பல் எழுத்தில் கண்டார்: இந்தப் பதிப்புக்கு இரண்டு சேனல் மட்டுமே, ஆறும் வேண்டுமென்றால் பணம் கட்டவும். “பையன் நல்ல பையன்தான் சார். தாலி கட்டினப்புறம் வரதட்சணை கேக்கறான்.”

அப்புறம் வரிசையாக வந்தார்கள். பவர்டிவிடி சோதனைப் பதிப்பு, வின்டிவிடி சோதனைப் பதிப்பு. கெடு முடியும் வரைக்கும் மாப்பிள்ளை முறுக்கில்லாமல் இருந்தார்கள். மீடியா பிளேயர் கிளாசிக்கோடு ஏசி3ஃபில்டர் என்று ஒன்றைச் சேர்த்தார். அது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒலியளவுத் தள்ளுகட்டை ஒன்று வைத்திருந்தது, மாமா அவற்றை மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பதுபோல் கால் டெசிபல் கால் டெசிபலாக நகர்த்தினார். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கி வைத்த விஎல்சி, காசே கேட்காமல் வாசலில் வந்து நின்றது. அதற்காகவே மாமாவுக்குச் சந்தேகம். “சும்மா குடுக்கறான்னா எங்கேயோ இடிக்குது சார். அடையாளத்தையே பாருங்க, ரோட்டுல பள்ளம் தோண்டினா வைக்கிற கூம்பு.”

இதற்கிடையே அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த டிவிடிகள் வேறு. அவை ஒன்றாம் மண்டலப் பூட்டு போட்டவை, இந்தியா ஐந்தாம் மண்டலம். டிரைவின் மண்டலத்தை ஐந்தே முறைதான் மாற்றலாம். மைத்துனர் படத்துக்கு ஒன்று, பர்மா பஜார் படத்துக்குத் திரும்ப ஒன்று என்று மாமா நான்கைத் தீர்த்துவிட்டார். கடைசி ஒன்றை, வில்லனிடம் சிக்கிய கதாநாயகன் துப்பாக்கியில் மிஞ்சிய தோட்டாவைப்போல் காப்பாற்றி வந்தார். யாராவது டிவிடியோடு படியேறினால் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்.

இரண்டு வருடம் கழித்து, டீகோட் செய்யும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ரிசீவர் ஒன்றை வாங்கினார். கம்ப்யூட்டரிலிருந்து எஸ்பிடிஃப் என்ற ஒற்றை ஒயர். பொருத்த வந்த ரிச்சி தெருப் பையனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. மாமா தன்னிடமிருந்த எல்லா மென்பொருளையும் திறந்து காட்டி, எதைப் போடலாம் என்று கேட்டார்.

“எதையாச்சும் போடுங்க அங்கிள். இனிமே சாஃப்ட்வேர் எதையும் டீகோட் பண்ணப்போறதில்ல. உறையைப் பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்பிடும். போஸ்ட்மேன் மாதிரி. எந்த போஸ்ட்மேன் குடுத்தா என்ன, லெட்டர் ஒண்ணுதானே?”

பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாமாவும் தலையாட்டினார். அவன் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் என் பக்கம் குனிந்தார். “பையன் சின்னவன் சார். அனுபவம் பத்தாது. நீங்களே கேளுங்க, இதுல வசனம் கொஞ்சம் வெதுவெதுப்பா இல்ல?” பிறகு அடுத்த போஸ்ட்மேனை அழைத்தார்.

பொங்கலுக்கு ஊரிலிருந்து அவர் அம்மா வந்திருந்தார். “இத்தனை பொட்டி வாங்கி வெச்சிருக்கியே, ஒரு தில்லானா மோகனாம்பாள் போடேண்டா” என்றார். அட்டையில் ‘5.1’ என்று கொட்டை எழுத்தில் போட்ட டிவிடி ஒன்று கிடைத்தது. எங்களையும் கூப்பிட்டார். பெருக்கல் குறி மேல் பாட்டி உட்கார்ந்தார்; தாடையைத் திருப்பப் போன மகனின் கையைத் தட்டிவிட்டார்.

படம் 1968. ஒலி மோனோ. அட்டையில் எதைப் போட்டால் என்ன? சிவாஜி வாய் வைத்த நாதஸ்வரம், எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு, அத்தனையும் நடு ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து மட்டும் வந்தது. மீதி ஐந்தும் ஊமை.

மாமாவுக்கு நெற்றி வியர்த்தது. “ஒரு நிமிஷம்மா, நிறுத்திட்டு வேற சாஃப்ட்வேர்ல...”

“கையை எடுடா ரிமோட்டுலேர்ந்து.”

“பின்னாடி எதுவும் வரலம்மா!”

“பின்னாடி யாருடா வாசிக்கறா? மேடை முன்னாடிதானே இருக்கு?”

மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்தார், சண்டைக்கு இல்லை, நாற்காலி கேட்டு. அந்தக் கூடத்தில் வணக்கம் போடும் வரை ஓடிய முதல் படம் அதுதான். மாமா மட்டும் பார்க்கவில்லை. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, இடது பின் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார்.