இன்னொரு செட்

போடியில் ஓர் அரசு அலுவலகம். சான்று கேட்டு அங்கே இருக்கும் சாரிடம் எதை நீட்டினாலும் ஒரு ஜெராக்ஸ் குறையும். ஆதார் கொடுத்தால் ரேஷன் கார்டு எங்கே என்பார். ரேஷன் கார்டு கொடுத்தால் பட்டா. மூன்றும் இருந்தால், "இன்னொரு செட் இல்லையா?" இ-சேவை மையத்தில் எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது சார், உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்றால் திரையை எட்டிப் பார்ப்பார். "இருக்கு, இல்லேங்கல. அதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க, ஃபைல்ல வைக்கணும்ல?" பிரிண்ட் வந்ததும் அதற்கு ஒரு ஜெராக்ஸ். காகிதத்தை ஒழிக்க வந்த கம்ப்யூட்டரால் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் மாடி எடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் இதே போடியில், ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்தில், 2007 முதல் ஏலக்காய் மின்னணு ஏலத்தில்தான் போகிறது. வியாபாரி சாம்பிள் காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார், பொத்தானை அமுக்குகிறார், திரையில் விலை ஏறுகிறது, லாட் முடிந்தது. அதுவும் அரசாங்க அமைப்புதானே சார் என்றேன்.

"அது சென்ட்ரல் கவர்மெண்டு."

கெட்டவர் இல்லை. கை நீட்ட மாட்டார். டீ கூடச் சொந்தக் காசு. ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார்: "ஒரு பேப்பர் வேணாம்னு நான் விட்டு, ஆடிட்டுல கேட்டா 17(பி) மெமோ எனக்குத்தான் வரும். புரொமோஷன் நிக்கும். கூட ஒரு ஜெராக்ஸ் வாங்குனதுக்கு எவனுக்காவது மெமோ வந்திருக்கா, சொல்லுங்க?" சொல்ல முடியவில்லை. புதிதாக எதையும் செய்யாதவரைப் பத்திரமாக ஓய்வூதியம் வரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அது.

ஆனால் விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டிக் காய் எடுக்கப் போகிற அம்மாவிடம், "நாளைக்கு வாங்கம்மா" என்றால் ஒருநாள் கூலி போச்சு. அந்தக் கூலி எந்த ஆடிட்டிலும் கணக்கு ஏறுவதில்லை.

இதற்குப் புது மென்பொருள் வேண்டாம். ஒரு பக்க உத்தரவு போதும்: இந்தச் சான்றுக்கு இன்னின்ன ஆவணம், கணினியில் இருப்பதைக் காகிதத்தில் கேட்கக் கூடாது, கூடுதலாகக் கேட்பவர் காரணத்தை எழுதித் தர வேண்டும், நல்லெண்ணத்தோடு குறைத்துக் கேட்டவர் மீது நடவடிக்கை கிடையாது. சார் மறுநாளே அதன்படி நடப்பார். உத்தரவை மீறி அவருக்குப் பழக்கமில்லை. அதில் கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரி எந்த மெமோவுக்குப் பயப்படுகிறார் என்பதுதான் தெரியவில்லை.